2014 ரெனால்ட் டஸ்டர் டீசல், 78,000 கிமீ: டைமிங் பெல்ட் இப்பவே மாத்தணுமா, லட்சம் கிமீ வரைக்கும் விடலாமா?

வைகைக்கரை:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல டஸ்டர் எடுத்தேன், 2014 மாடல், 1.5 டிசிஐ டீசல், மீட்டர்ல 78,000 காட்டுது. எனக்கு முன்னாடி ரெண்டு ஓனர். சர்வீஸ் புக்ல 2018 வரைக்கும் தான் சீல் இருக்கு, அதுக்கப்புறம் வெளிய எங்கயோ பாத்திருக்காங்க, பில்லு ஒண்ணும் இல்ல. டைமிங் பெல்ட் (இன்ஜினுக்குள்ள வால்வையும் பிஸ்டனையும் நேரம் தப்பாம ஓட்டற ரப்பர் பெல்ட்) மாத்தியாச்சான்னு வித்தவர்கிட்ட போன்ல கேட்டேன், "இன்ஜின்ல கையே வச்சதில்ல தம்பி, கம்பெனில வந்த மாதிரியே இருக்கு"ன்னு சொல்றாரு. எங்க ஏரியா மெக்கானிக் "லட்சம் ஆகட்டும், இல்லன்னா சத்தம் வரட்டும், அப்ப பாத்துக்கலாம்"ங்கறாரு. அடுத்த மாசம் அம்மா அப்பா புள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு மதுரைல இருந்து திருச்செந்தூர் போகணும், அதான் பயமா இருக்கு. வண்டி வாங்கினதுலயே கையில இருந்தது கரைஞ்சிருச்சு, அதனால உண்மையிலேயே அவசரமான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாமிரபரணி_டிரைவ்:
தம்பி, சத்தம் வரட்டும்னு மட்டும் காத்திருக்காதீங்க. எனக்கு ஒரு சத்தமும் வரல. கோவில்பட்டி தாண்டி கயத்தாறு வர்றதுக்குள்ள, 90ல போய்ட்டு இருந்த வண்டி அப்படியே ஆஃப் ஆயிட்டு. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிட்டு, பிரேக் ரெண்டு தடவை மிதிச்சதுமே பெடல் இறுகிட்டு. பின்னாடி லாரி வருது, எப்படியோ ஓரங்கட்டினேன். அப்புறம் நான் செஞ்ச தப்பு என்னன்னா சாவியப் போட்டு நாலஞ்சு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ஸ்டார்ட்டர் வழக்கத்த விட லேசா விர்ருனு சுத்துச்சு. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம், இல்லாம சுத்துற சத்தம்னு பிறகு தான் தெரிஞ்சது, அப்படி கேட்டா அதுக்கு மேல சாவியத் தொடவே கூடாது, ஒவ்வொரு சுத்துக்கும் வால்வு இன்னும் வளையும்.

இதுல முக்கியமான விஷயம், அந்த பெல்ட்டு மாத்தி ஒன்னரை வருஷம் தான் ஆகியிருந்துச்சு! பிரிச்சுப் பாத்தா பெல்ட் அறுந்தே போகல, டென்ஷனர் (பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கற உருளை) பேரிங் ஜாம் ஆகி பெல்ட்டோட பல்ல வழிச்சு எடுத்துருக்கு. முன்னாடி மாத்துனப்ப காசு மிச்சம்னு பெல்ட் மட்டும் போட்டுட்டு பழைய டென்ஷனரையே விட்டுட்டாங்க, நானும் சரின்னு தலையாட்டிட்டேன். அஞ்சு வால்வு வளைஞ்சு, ஹெட்ட கழட்டி, கேஸ்கெட் எல்லாம் சேத்து 87 ஆயிரம், வண்டி ஒரு மாசம் ஷெட்ல. பெல்ட்டும் டென்ஷனரும் சேந்த கிட்டா வாங்கி போடுங்க, பெல்ட்ட மட்டும் போடாதீங்க.

ஸ்பேனர்_கோவை:
நானுங்க 19 வருஷமா டீசல் வண்டி வேலை தான் பண்றேன். இந்த இன்ஜின் எனக்கு நல்லா பழக்கம்ங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

பிஸ்டனோட சேந்து சுத்தற கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா, வால்வ திறக்கற கேம் ஒரு சுத்து சுத்தணும், அந்தக் கணக்கு தப்பாம ரெண்டையும் கட்டி வச்சிருக்கறது அந்த ரப்பர் பெல்ட்டு தான். இந்த 1.5 டிசிஐல பெல்ட் போச்சுன்னா வால்வு திறந்தபடி நிக்கற நேரத்துல பிஸ்டன் மேல வந்து இடிக்கும், தப்பிக்க வழியே இல்லைங்க. வாட்டர் பம்ப், டீசல் ஹை பிரஷர் பம்ப் ரெண்டையும் சுத்தறதும் அதே பெல்ட்டு தான்.

78,000ங்கறத விட்டுருங்க, வருஷத்தப் பாருங்க. பெரும்பாலான மேனுவல்ல இத்தனை கிமீ அல்லது இத்தனை வருஷம், எது முன்னாடி வருதோ அதுன்னு தான் போட்டிருக்கும், நம்மாளுங்க முதல் பாதியோட புக்க மூடிர்றாங்க. ரப்பரு ஓடாம நின்னாலும் காயும். அதோட ஏசி போட்டுட்டு சிக்னல்ல நிக்கற நேரமெல்லாம் பெல்ட்டு சுத்திட்டே தான் இருக்கும், மீட்டர் நகராதுங்க. வித்தவரு இன்ஜின்ல கை வைக்கலன்னு சொல்றாரே, அப்ப உங்க பெல்ட்டு 2014ல மாட்டினது தானுங்க, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. லாங் டிரிப்புக்கு முன்னாடியே மாத்திருங்க.

மாத்தறப்ப பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணும் சேத்து. பம்ப் நாளைக்கு லீக் ஆச்சுன்னா மறுபடி வலது பக்க இன்ஜின் மவுண்ட்ட கழட்டி முழு வேலையும் முதல்ல இருந்து செய்யணும், லேபர் டபுள். இன்னொண்ணு, இத நிறைய பேர் விட்டுர்றாங்க: வெளிய ஆல்டர்னேட்டர், ஏசிக்கு ஓடற பெல்ட்டு இருக்குதுங்களே, அது நாருநாரா பிரிஞ்சா அந்த நூலு கிராங்க் புல்லி பின்னாடி இழுத்துட்டுப் போயி டைமிங் பெல்ட்டுக்குள்ள மாட்டிக்கும். நல்ல டைமிங் பெல்ட்டே பல்லு தாண்டிரும். அதனால அதையும் அதோட டென்ஷனரையும் அன்னைக்கே மாத்திருங்க. கேம் சீல், கிராங்க் சீல்ல ஆயில் கசிவு இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, ஆயில் பட்டா ரப்பர் ஊறிரும்.

மெக்கானிக்கிட்ட லாக்கிங் பின் இருக்கான்னு கேளுங்க. கேமையும் கிராங்கையும் பின் போட்டுத்தான் நிறுத்தணும், பெயின்ட்ல கோடு போட்டு மாத்தறேன்னு சொன்னா வேற ஆளப் பாருங்க. மாட்டினதும் சாவி போடறதுக்கு முன்னாடி கையாலயே கிராங்க ரெண்டு சுத்து சுத்தி, பின் மறுபடி சரியா உக்காருதான்னு பாத்துட்டு தான் ஸ்டார்ட் பண்ணணும்.

பெரம்பூர்_ரைடர்:
ப்ரோ, எங்க வீட்ல பழைய இன்னோவா இருக்கு, அதுல டேஷ்போர்டுல டி-பெல்ட்னு ஒரு லைட்டே வரும். ஆனா அது பெல்ட்ட பாத்து எரியறது இல்ல, கிமீ கணக்கு மட்டும் தான், யாராச்சும் ரீசெட் பண்ணிட்டா அணைஞ்சிடும். செகண்ட் ஹேண்ட் எடுக்கறவங்க லைட் எரியல, மாத்தியிருப்பாங்கன்னு நம்பிடாதீங்க. அப்புறம் ஒரு டவுட்டு, என் ஸ்விஃப்ட் டீசலுக்கும் இது மாத்தணுமா?

ஸ்பேனர்_கோவை:
ஸ்விஃப்ட் 1.3 டீசல்ல பெல்ட்டு இல்லைங்க, செயின். அதுக்கு கிமீ கணக்கு வச்சு மாத்த வேண்டியதில்ல, ஆனா ஆயில் மாத்தறத தள்ளிப் போட்டா செயின் தளர்ந்து காலைல முதல் ஸ்டார்ட்ல கடகடன்னு கேக்கும், அப்ப விடாதீங்க. ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் வச்சிருக்கறவங்க யாராச்சும் படிச்சா, உங்களுது பெல்ட்டு தான், ஆனா ஆயிலுக்குள்ளயே ஓடற பெல்ட்டு. கம்பெனி சொன்ன ஆயில் கிரேட தவிர வேற ஊத்தாதீங்க, ரப்பர் உதிர்ந்து ஆயில் பம்ப் வலைய அடைச்சிரும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே. பின் வச்சிருக்கற வேற ஒரு மெக்கானிக்க பிடிச்சு நேத்து பிரிச்சாச்சு. பெல்ட்ட மடக்கிப் பாத்தா பல்லுக்கு அடியில வரிவரியா வெடிப்பு, வாட்டர் பம்ப்ப சுத்தி கூலன்ட் காஞ்சு வெள்ளையா படிஞ்சிருக்கு. கோவை அண்ணே சொன்ன வெளி பெல்ட்டு ஓரம் நாரு பிரிய ஆரம்பிச்சிருந்துச்சு, அத பாத்ததும் எனக்கு கையெல்லாம் உதறிருச்சு. எல்லாம் மாத்தியாச்சு, கைல சுத்திப் பாத்து தான் ஸ்டார்ட் பண்ணாரு. இனி வேற எதாவது பாக்கணுமாண்ணே?

ஸ்பேனர்_கோவை:
நல்ல காரியம் பண்ணீங்க தம்பி. கூலன்ட்ல காத்து நின்னிருக்கும், ரெண்டு மூணு நாளைக்கு காலைல இன்ஜின் ஆறினப்புறம் டேங்க்ல லெவல் பாருங்க, இறங்கியிருந்தா ஊத்திக்கோங்க. ஊய்னு விசில் மாதிரி சத்தம் கேட்டுச்சுன்னா டென்ஷன் அதிகமாயிருச்சுன்னு அர்த்தம், உடனே கொண்டு போய் காட்டுங்க. மாத்தின தேதியும் கிமீயும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வைங்க, பில்லையும் ஆர்சி கூடவே வச்சுக்கோங்க. திருச்செந்தூர் போறதுக்கு முன்னாடி ஒரு 200 கிமீ உள்ளூர்லயே ஓட்டிட்டு கிளம்புங்க.