புதுப்பிப்பு: எல்எம்3886 ஆம்பிளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியாச்சு

25-0-25 டிரான்ஸ்ஃபார்மர் (நடுமுனைக்கு இருபுறமும் 25 வோல்ட் ஏசி தருவது) போட்ட என் ஆம்பிளிஃபயர், அதாவது எல்எம்3886 என்ற ஒலிபெருக்கி ஐசியில் கட்டியது, 4 ஓம் ஸ்பீக்கரில் சத்தம் கூட்டினால் ஏன் விட்டுவிட்டுப் பாடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் வோல்டேஜ்தான். 25 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றும்போது அதன் உச்ச அளவு கிடைக்கும்: 1.414ஆல் பெருக்கினால் சுமார் 35 வோல்ட் டிசி. 8 ஓமுக்கு அது சரி. 4 ஓம் ஸ்பீக்கர் அதிக கரண்ட் இழுப்பதால் ஐசி தாங்காமல், தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை வெட்டுகிறது. பெரிய ஹீட்சிங்க் போட்டும் தீரவில்லை.

ஜாலான் பாசாரில் கடைகடையாக ஏறி 20-0-20 டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கினேன். இப்போது டிசி பிளஸ் மைனஸ் 28 வோல்ட். நேற்றிரவு நாதஸ்வரக் கச்சேரி முழுதும் கேட்டேன், தவில் அடி ஒன்றுகூட அறுபடவில்லை. அவ்வளவு சந்தோஷம்!

டிசியைச் சீராக்கும் பழைய 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் வரை தாங்கும் கெப்பாசிட்டர்களை அப்படியே விட்டுவிட்டேன். பாட்டு ஓடாதபோது வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், அதனால் 35 வோல்ட் வகைக்கு இறங்க மனமில்லை.