மறுமொழி: கியூஆர்பி பிரிவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் அமெச்சூர் வானொலிக் குழுவின் களநாள் (திறந்தவெளியில் நிலையம் அமைத்துத் தொடர்புகொள்ளும் வார இறுதி) கையேடு இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அச்சுக்குப் போகாமல் கிடக்கிறது. 5 வாட் அளவுக்குள் அனுப்பும் நிலையங்களின் பிரிவைத்தான் கியூஆர்பி என்கிறோம். வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> குறைதிறன் என்றே போட்டுவிடலாம். 1912 லண்டன் வானொலித் தந்தி மாநாட்டின் கியூ குறியீட்டுப் பட்டியலிலேயே கியூஆர்பி என்றால் 'திறனைக் குறைக்கவும்' என்றுதான் பொருள். மூலத்தில் இருப்பதை நாம் ஏன் மாற்ற வேண்டும்? (அல்சூர் ஐயா)

ஐயா, பட்டியலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. கேள்விக்குறியோடு அனுப்பினால் 'குறைக்கட்டுமா?', இல்லாமல் அனுப்பினால் 'குறைக்கவும்'. கப்பலும் கரை நிலையமும் பேசிக்கொண்ட காலத்து ஏவல் அது. அங்கே 'குறை' வினை. பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டாலோ குறைமாதம், குறைப்பிரசவம், குறைமதி என்று முகம் மாறிவிடுகிறது. போதாததற்கு, பாடநூலில் வாட்டால் அளக்கப்படும் 'திறன்' தெருவில் திறமை ஆகிவிடுகிறது. 'குறைதிறன் பிரிவில் முதலிடம்' என்று சான்றிதழ் அச்சிட்டு ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்தால், அவள் அதை வீட்டில் யாரிடம் காட்டுவாள்?

'குறைகடத்தி' நிலைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நிலைத்தது. அது உலோகத்தைவிடக் குறைவாகத்தான் கடத்துகிறது. அப்படிச் சொன்னதற்காக சிலிக்கான் கோபித்துக்கொள்ளவும் இல்லை. மனிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதிலும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகம் பொறுக்கி, ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற சிறிய வானொலிக் கருவியைத் தம் கையாலேயே கட்டி முடித்தவர், 100 வாட் கருவி வாங்க முடியாமலா அதைக் கட்டினார்? பலருக்கு அது விரும்பி எடுத்த முடிவு.

உண்மையில் எவ்வளவு குறைகிறது என்பதையும் பார்ப்போம். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் இருபதில் ஒரு பங்கு, அதாவது 13 டெசிபெல். சமிக்ஞை வலிமை காட்டும் எஸ் மீட்டரில் ஓர் அலகுக்கு 6 டெசிபெல் என்ற கணக்கில், மறுமுனையில் முள் இரண்டு அலகுக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும். எஸ்9 என்று கேட்டவருக்கு நாம் எஸ்7க்குக் கொஞ்சம் கீழே கேட்போம். இரைச்சல் இல்லாத அலைவரிசையில் மோர்ஸுக்கு அது தாராளம். இரைச்சல் குறைவான இடம் தேடித்தானே இந்திராநகர் மாடியை விட்டு சாவன்துர்கா மலைப் பக்கம் போகிறோம்! 7 மெகாஹெர்ட்ஸ் அரையலைக் கம்பி சுமார் 20 மீட்டர் நீளம். அதை உயரமான கிளையில் கட்டினால் கிடைக்கும் ஆதாயத்தைப் பெயரில் 'குறை' என்று ஒட்டி மறைப்பது நியாயமில்லை.

> குறைமின்? சின்னதாக இருக்கிறது, நாக்கில் நிற்கிறது. (ஜாலஹள்ளித் தோழி)

நிற்கிறதுதான். ஆனால் 5 வாட் என்பது பரப்பியின் (அலையை அனுப்பும் கருவியின்) வெளிவாயில் அளப்பது. அதைத் தருவதற்குக் கருவி பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட இருமடங்கு இழுக்கும். 12 வோல்ட்டில் மோர்ஸ் விசையை அழுத்தும்போது ஓர் ஆம்பியர் அளவு. 'மின்' என்றால் படிப்பவர் இந்தச் செலவைத்தான் நினைப்பார். வீட்டு மின்சாரத்தில் செருகிவிட்டு 5 வாட் அனுப்புகிறவரும் கியூஆர்பிதான். பேட்டரி அதற்கு நிபந்தனை இல்லை. களநாள் விதிகளில்தான் இரண்டும் சேர்கின்றன.

'ஐவாட்டு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பேச்சு முறையில் 10 வாட் வரை ஏற்பது வழக்கம் என்பதால் அது முதல் நாளிலேயே பொய்யாகிவிடும்.

என் தேர்வு 'சிறுதிறன்'. சிறுதானியம், சிறுசேமிப்பு, சிறுகதை ஆகியவற்றில் எதுவும் பாதியில் நின்றுபோன ஒன்றாகத் தோன்றுவதில்லை, அளவிலேயே சிறியவை. சிற்றலையோடு குழம்பாதா என்றால், நாம் இயங்குவதே பெரும்பாலும் சிற்றலையில்தான், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வாட்டுக்குக் கீழே போகிற பிடிவாதக்காரர்களுக்கு 'நுண்திறன்' என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"எல்லாத் தொடர்புகளையும் பேட்டரியில் இயங்கும் சிறுதிறன் நிலையத்திலிருந்தே செய்தால் புள்ளிகள் 5 ஆல் பெருக்கப்படும்."

"சிறுதிறனர் தம் அழைப்புக்குறியை நிதானமாக, ஒருமுறைக்கு இருமுறை அனுப்புவது நல்லது."

கையேட்டில் இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். அமெரிக்க ரேடியோ ரிலே லீக் 1933 முதல் நடத்திவரும் இந்தக் களநாள், ஜூன் மாதத்தின் நான்காவது முழு வார இறுதியில் வருகிறது. நம் கடிகாரத்தில் சனி இரவு 11.30க்குத் தொடக்கம். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இருக்கும் நாம் புள்ளிப்பட்டியல் அனுப்ப முடியாது. நம்மைப் பிடித்தால் அவர்களுக்குப் புள்ளி உண்டு. ஆகவே மேற்சொன்ன பெருக்கல் அவர்கள் கணக்குக்கு. நமக்கு மிஞ்சுவது தூக்கமில்லாத இரவும் பருவமழைக் காற்றில் ஆடும் கம்பியும். புதியவர்கள் பரிசை எதிர்பார்த்து வந்துவிடக் கூடாது.

---

அல்சூர் ஐயாவின் மறுமொழி:

சான்றிதழ் வாதத்துக்குப் பணிகிறேன். பிரிவின் பெயர் சிறுதிறன் என்றே இருக்கட்டும். கியூ குறியீட்டு அட்டவணையில் மட்டும் 'திறனைக் குறைக்கவும்' என்பதில் கைவைக்காதீர்கள். அது ஏவல், ஏவலாகவே இருக்க வேண்டும். 'சிறுதிறனர்' எனக்கு ஒப்பவில்லை. குறைதிறனுக்கு நீங்கள் சொன்ன அதே நோய் இதற்கும் உண்டு: சிறிய திறமை உடையவர் என்று படிக்க எவ்வளவு நேரமாகும்?

---

ஐயா,

மடக்கிவிட்டீர்கள். சிறுதிறனரை நீக்கிவிட்டு 'சிறுதிறன் நிலையத்தார்' என்று போடுகிறேன். நீளம்தான், ஆனால் திறன் நிலையத்தின் மேல் ஏறிவிடுகிறது. அட்டவணை அப்படியே இருக்கும். கியூஆர்ஓ ('திறனைக் கூட்டவும்') பக்கத்துக்குப் 'பெருந்திறன்' என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன். தோழி, ஆன்டெனாவுக்கும் சொல் தேட வேண்டும் என்று தனிமடல் போட்டிருந்தீர்கள். இந்தப் பதிப்பில் அது ஆன்டெனாவாகவே இருக்கட்டும். கிளையில் கம்பி எறிகிறவரிடம் அந்த நேரத்தில் வேறு பெயர் சொன்னால் காதில் ஏறாது.