கணக்கு மாஸ்டர்: நினைவுமலருக்காக

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

அப்பா காலமான நாளிலிருந்து குழுவில் நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலானோர் அவருடைய பிரம்பையும் கேத்திர கணிதத்தையும் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் 31ஆம் நாளுக்கு வெளியிடும் நினைவுமலரில் அந்த மாஸ்டர் மட்டும் வந்தால் எங்கள் வீட்டு மனிதர் விடுபட்டுப் போவார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவவுக்கு இரவுக் கடமை வருகிற நாட்களில் எங்கள் மூவருக்கும் தலை இழுத்துப் பின்னிவிடுவது அப்பாதான். உச்சி பிரித்தால் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல இருக்கும். ஒரு பக்கப் பின்னல் கொஞ்சம் இறங்கினாலும் அவிழ்த்துத் திரும்பப் பின்னுவார். பிட்டு அவித்து, சம்பல் இடித்து, சாப்பாடும் கட்டித் தருவார். பள்ளிக்கூடப் படலை தாண்டியதும் அவர் எங்களுக்கும் 'சேர்'தான். வகுப்பில் நான் கை உயர்த்தினால் பார்க்கவே மாட்டார். என்னுடைய தவணைப் பரீட்சை விடைத்தாளை வேறு ஓர் ஆசிரியரிடம் திருத்தக் கொடுப்பார். மகளுக்குப் புள்ளி அள்ளிப் போடுகிறார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதாம். எனக்கு அப்போது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

இளையவர்களுக்காக: அப்பப்பா புகையிலைத் தோட்டக்காரர். 1945 இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்திராவிட்டால் அப்பாவும் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கக் கிணற்றுத் துலா மிதித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். பலாலி ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி, ஹட்டன் பக்கம் முதல் நியமனம், பிறகு ஓய்வு பெறும்வரை ஊர்ப் பள்ளிக்கூடம். 1971 இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்று ஆனது. அப்பா அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி, "வித்தியாசம் என்ன?" என்று கேட்டாராம். பெடியள் 23 என்றார்களாம். அதற்குமேல் ஒன்றும் பேசாமல் அன்றைய பாடத்தைத் தொடங்கிவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் இந்தக் குழுவில் இருக்கிற ஓர் அண்ணாதான். வீட்டில் அப்பா சொன்னதே இல்லை.

தனியார் ரியூட்டரிகள் பெருகிய காலத்தில் அப்பாவையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. "பள்ளிக்கூடத்திலை ஒழுங்காப் படிப்பிச்சா ரியூட்டரி எதுக்கு?" என்பார். அம்மாவின் சம்பளத்தில் பாதி வீடு ஓடியது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியதுதான். இந்த விஷயத்தில் நான் இன்றும் அம்மாவின் பக்கம். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்யும் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சைக்கிள் ரியூப் வால்வில் திரி போட்ட விளக்கைச் சுற்றி எங்கள் விறாந்தையில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். நாங்கள் மூவரும் அவர்களுக்குப் பின்னால், எட்டிய வெளிச்சத்தில் படித்தோம்.

யாழ்ப்பாணத்துச் சனம் போரால் ஒன்றாக இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவை உங்களில் பலருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. செம்மணி வெளியால், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்துக்குள் நாங்களும் நின்றோம். அப்பாவின் சைக்கிள் பாரில் தங்கச்சி. கரியரில் உரப்பையால் சுற்றிய ஒரு கட்டு. அரிசி என்று நினைத்து மீசாலையில் அம்மா அவிழ்த்தால், உள்ளே வகுப்பு இடாப்பு, பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு! அம்மா ஏசிய ஏச்சு தென்மராட்சி முழுக்கக் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே பிள்ளை எங்கே இருக்கிறது என்று பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். கொடிகாமம், சாவகச்சேரி, கிளிநொச்சி. பிறகு ஒரு மாமரத்தடியில் வகுப்பும் தொடங்கினார். அந்த இடாப்பு நிரம்பியதும் ஒரு சீ.ஆர். கொப்பிக்கு, பெரிய மட்டை போட்ட கொப்பிக்கு, மாறியது. அதில்தான் உங்களில் பலருடைய பாரிஸ், லண்டன், ரொறன்ரோ முகவரிகள் வெட்டி வெட்டி எழுதப்பட்டிருக்கின்றன. சில பெயர்களுக்கு நேரே ஒன்றும் இல்லை. அந்தப் பெயர்களை அவர் வெட்டவும் இல்லை.

சரி, இனி அலுவல்கள்.

அப்பாவுக்குச் சிலை வைக்கலாம் என்று வந்த யோசனையை அன்போடு மறுக்கிறோம். கையும் காலும் இல்லாத அந்த மார்பளவுச் சீமெந்துச் சிலைகளை அவர் எப்படிக் கிண்டலடிப்பார் என்று அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். காசு சேர்த்திருந்தால், இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியைக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கப் பாருங்கள்.

மலருக்கு எழுதுகிறவர்கள் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தாலும் பரவாயில்லை, தம்பி யுனிகோடுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தெய்வம், மாமேதை எல்லாம் வேண்டாம். அடி வாங்கிய கதை இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

அப்புறம், மாஸ்டரோடு எடுத்த வகுப்புப் படம் யாரிடமாவது இருந்தால் ஸ்கான் பண்ணி அனுப்புங்கள். எங்களிடம் இருந்தவை இடப்பெயர்வில் போய்விட்டன.

அன்புடன்,
மாஸ்டரின் நடு மகள்
ஸ்கார்பரோ