லெவல் 71 ஆகியும் இரண்டே அடியில் சாகிறேன், பாயின்ட்டை எங்கே போடுவது?

வாளும்_விளக்கும்:

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். இந்த வகை ஆட்டம் எனக்கு இதுவே முதல் தடவை. வேகபாண்ட் என்ற போர்வீரன் வகையில் தொடங்கி இப்போது லெவல் 71. லெய்ண்டெல் நகரத்தில் மோர்காட் என்ற பெரிய எதிரியிடம் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என் ஸ்டாட் (ஆளின் திறன் எண்கள்): விகர் (உயிர்) 20, மைண்ட் (மந்திர சக்தியின் அளவு) 18, எண்ட்யூரன்ஸ் (தெம்பும் சுமை தாங்குவதும்) 18, ஸ்ட்ரென்த் 22, டெக்ஸ்டெரிட்டி 20, இன்டெலிஜென்ஸ் 20, ஃபெய்த் 17, ஆர்கேன் 15. கையில் கிரேட்ஸ்வோர்டு, இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிறேன், மேம்படுத்திய நிலை +8. அதுபோக ஒரு கட்டானாவும் ஒரு ஈட்டியும் +8-ல் இருக்கின்றன.

லெவல் ஏறும்போதெல்லாம் எது குறைவாக இருக்கிறதோ அதில் ஒரு பாயின்ட் போட்டேன். எந்த மந்திரம் கிடைத்தாலும் எடுத்து ஆடலாமே என்று நினைத்தேன். ஆனால் இதுவரை ஒன்றைக்கூடச் சண்டையில் பயன்படுத்தவில்லை. போட்ட பாயின்ட்டுகளைக் கலைத்து மாற்றிப் போட உதவும் பொருளான லார்வல் டியர் நான்கு வைத்திருக்கிறேன். செலவழிக்க மனம் வரவில்லை, பின்னால் இதைவிட அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

இன்னும் பத்து லெவல் ஏற்றிக்கொண்டு வரட்டுமா, இல்லை எல்லாவற்றையும் கலைத்துப் போடட்டுமா?

பழைய_கேடயம்:

முதலில் உங்கள் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். எட்டும் சேர்ந்து 150. அதில் 79-ஐக் கழித்தால் லெவல், சரியாக 71. வேகபாண்டின் தொடக்கக் கூட்டுத்தொகை 88. ஆக, நீங்கள் உங்கள் கையால் போட்டது 62 பாயின்ட்.

அந்த 62-இல் இன்டெலிஜென்ஸுக்கு 11, ஃபெய்த்துக்கு 8, ஆர்கேனுக்கு 8 போயிருக்கிறது. மொத்தம் 27. மந்திரமே போடாதவருக்கு மோர்காட் முன்னால் இந்த 27-ம் ஏறக்குறைய சும்மா நிற்கிறது. உயிரைக் கூட்டும் விகரில் நீங்கள் சேர்த்தது வெறும் 5.

விகர் ஒரே சீராக ஏறாது. இதை யாரும் எனக்கு ஆரம்பத்தில் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். விகர் 20-இல் உயிர் 650-ஐ ஒட்டி இருக்கும். 25-இல் 800. 40-இல் 1450. 60-இல் 1900. கடைசி எல்லையான 99-இல் 2100. வகுத்துப் பாருங்கள்: 25-இலிருந்து 40 வரை ஒரு பாயின்ட்டுக்குச் சராசரியாக 43 உயிர் கிடைக்கிறது. 40-இலிருந்து 60 வரை அதில் பாதி. 60-க்கு மேல் 39 பாயின்ட் கொட்டினாலும் மொத்தமே 200தான். ஒரே பாயின்ட், இடத்தைப் பொறுத்து 43-ம் தரும், 5-ம் தரும். நீங்கள் நல்ல விளைச்சல் தொடங்குவதற்கு ஐந்து அடி முன்னாலேயே நின்றுவிட்டீர்கள்.

ஆயுதத்திலும் இதே கதைதான். சாதாரண ஆயுதம் +0-இலிருந்து +25 போகும்போது அதன் அடிப்படைத் தாக்குதல் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. இந்தக் கட்டத்தில் ஸ்ட்ரென்த்தில் இரண்டு மூன்று பாயின்ட் போடுவதைவிட ஆயுதத்தை மேம்படுத்தும் கல்லான ஸ்மிதிங் ஸ்டோனுக்கு அலைவதில் பலன் அதிகம். +6-இலிருந்து +9 வரை மூன்றாம் நிலைக் கல் வேண்டும்: முதலில் 2, அப்புறம் 4, அப்புறம் 6. கட்டானாவுக்கும் ஈட்டிக்கும் சேர்த்து அந்தக் கல்லில் 12 போய்விட்டது. அதில் 6 இருந்திருந்தால் கிரேட்ஸ்வோர்டு இன்று +9. மீதி நேரத்தில் நான்காம் நிலைக் கல்லைத் தேடப் போயிருக்கலாம்.

இவ்வளவு கறாராகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 2011-இல் வந்த முதல் டார்க் சோல்ஸில் ரெசிஸ்டன்ஸ் என்று ஒரு ஸ்டாட் இருந்தது. பெயரைப் பார்த்து நம்பி, அடி குறையும் என்று நினைத்து அதில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன். கிடைத்தது மிகக் கொஞ்சம். அந்த ஆட்டத்தில் கலைத்துப் போட வழியே கிடையாது. நாற்பது மணி நேரம் வளர்த்த ஆளை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். அன்றிலிருந்து பாயின்ட் போடும் திரையில் உறுதி செய்யும் பட்டனை உடனே அழுத்துவதில்லை. பாயின்ட்டை ஏற்றிவைத்து, வலப்பக்கம் எந்த எண் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பேன். போதாவிட்டால் இறக்கிவிட்டு அடுத்ததில் ஏற்றிப் பார்ப்பேன். உறுதி செய்யும் வரை எதுவும் செலவாகாது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று எதையும் மாற்றாமல் பத்து தடவை மோர்காட்டிடம் போங்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணத்தைத் தாளில் குறியுங்கள்: உயிர் போதவில்லையா, ஸ்டாமினா (தெம்பு) தீர்ந்து உருள முடியவில்லையா, சண்டை இழுத்துக்கொண்டே போய் உயிரை மீட்கும் குடுவை தீர்ந்ததா. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

நீலக்குறிப்பேடு:

பழைய_கேடயம் சொன்ன கணக்கு சரி. ஆனால் முதல் தடவை ஆடுபவர் கொஞ்சம் இறைத்துப் பார்ப்பதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தொட்டுப் பார்க்காமல் எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? வாள் தனக்குச் சரிவருகிறது என்று இப்போது அவருக்குத் தெரிகிறது. அதுவும் அந்தப் பாயின்ட்டுகளால் வந்ததுதான்.

நான் பார்ப்பது இன்னொன்று: எந்தப் பாயின்ட் சீக்கிரம் போட்டால் பெருகும்? ஃபால்அவுட் நியூ வேகாஸில் எஜுகேட்டட் என்று ஒரு பெர்க் (சிறப்புச் சலுகை). லெவல் 4-இல் எடுக்கலாம், அதன்பின் ஒவ்வொரு லெவலுக்கும் 2 பாயின்ட் கூடுதல். மூல ஆட்டத்தின் உச்ச லெவல் 30. தொடக்கத்திலேயே எடுத்தவருக்குக் கடைசியில் 50 பாயின்ட்டை ஒட்டி மிச்சம். லெவல் 20-இல் எடுத்தால் 20 தேறும். 28-இல் எடுப்பது வீண். வருமானத்தைக் கூட்டுவது எதுவானாலும் முதலில் எடுத்துவிடுவேன், அன்றைய சண்டை கொஞ்சம் கஷ்டமானாலும் பரவாயில்லை.

வாங்குவதற்கு முன் அதை வைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விட்சர் 3-இல் திறனை வாங்கினால் மட்டும் போதாது, அதைக் கட்டத்தில் பொருத்த வேண்டும். மூல ஆட்டத்தில் கட்டங்கள் 12தான். என் தம்பி இருபது திறனில் ஆளுக்கொரு பாயின்ட் போட்டு வைத்திருந்தான். எட்டு வெளியே கிடந்தன.

கடைசிக்_குடுவை:

சேர்த்து வைப்பதை எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் அதுவும் ஆட்டத்தைப் பொறுத்தது. டயாப்ளோ 2-இல் ஒரு திறனில் 20 பாயின்ட் வரை போடலாம், வலிமையான திறன்கள் லெவல் 30-இல்தான் திறக்கும். 2000-இல் அது வந்தபோது போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் கீழ்த் திறன்களில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு மீதியைத் தொடாமல் 30 வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். 2010-இல் 1.13 பேட்ச் (திருத்தப் பதிப்பு) வந்து, அகாரா என்ற பாத்திரத்திடம் போய்க் கலைத்துப் போடலாம் என்று ஆனதும் அந்தச் சிக்கனத்துக்கு அவசியம் குறைந்துவிட்டது.

உங்கள் ஆட்டத்தில் கலைக்க வழி இருக்கிறது, கையில் நான்கு லார்வல் டியரும் இருக்கிறது. சிக்கனம் இங்கே எதற்கு? டியரை வாங்கிக்கொண்டு பாயின்ட்டைக் கலைத்துத் தரும் ரென்னலாவிடம் போங்கள்.

வாளும்_விளக்கும்:

தாளில் குறித்தேன். பத்தில் ஏழு, பாதிக்கு மேல் உயிர் இருந்தும் இரண்டு மூன்று அடியில் போனது. இரண்டு ஸ்டாமினா. ஒன்று குடுவை தீர்ந்து. எனக்குச் சண்டை நீளுகிறது, வாளில் பலம் போதவில்லை என்றுதான் இத்தனை நாள் தோன்றியது. தாள் வேறு சொல்கிறது.

ரென்னலாவிடம் போய் ஒரு டியர் கொடுத்தேன். விகர் 40, மைண்ட் 12, எண்ட்யூரன்ஸ் 22, ஸ்ட்ரென்த் 38, மற்ற நான்கும் தொடக்க எண்ணுக்கே. சுரங்கம் சுரங்கமாகப் போய்க் கல் பொறுக்கி வாளை +11 ஆக்கினேன். முதல் தடவையே மோர்காட்டின் இரண்டாம் கட்டத்தை ஒழுங்காகப் பார்த்தேன். நான்காம் தடவை விழுந்தான். அவனுடைய ஒரு அடி பட்டது, உயிர்க்கோடு பாதிக்குக் கீழே போய் நின்றது, நான் இன்னும் நிற்கிறேன். பின்னால் உருண்டு ஒரு குடுவை குடித்தேன். அதைக் குடிக்க நேரம் இருந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எல்லோருக்கும் நன்றி. அடுத்து வரும் பாயின்ட்டுகளை விகரிலேயே தொடரட்டுமா?

பழைய_கேடயம்:

வாழ்த்துகள், ப்ரோ! விகரை இப்போதைக்கு நிறுத்துங்கள். 40-க்கு மேல் விளைச்சல் பாதியாகிவிடும். ஸ்ட்ரென்த்தை 54 வரை கொண்டுபோங்கள். இரண்டு கையால் பிடிக்கும்போது ஸ்ட்ரென்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும், 54 என்பது 81 ஆகிறது. 80-க்கு மேல் பலன் மெலிந்துவிடும், அதனால்தான் அந்த எண். இடையில் கனமான கவசம் ஏதாவது பிடித்துப்போய்ச் சுமை 70 சதவீதத்தைத் தொட்டால் உருளுவது மந்தமாகிவிடும். அப்போது மட்டும் எண்ட்யூரன்ஸில் இரண்டு மூன்று போடுங்கள். 54 ஆனதும் விகருக்குத் திரும்பி 60 வரை போகலாம். பின்னால் வரும் பெரிய எதிரியான ஃபயர் ஜயன்ட்டிடம் போகும்போது அது தேவைப்படும், அங்கேயும் ஒரு தாள் எடுத்துக்கொண்டு போங்கள்.