ரொறன்ரோ நூலகத்தில் ஆங்கிலம்: அம்மாவை எதில் சேர்ப்பது?

முதலில் அம்மா எந்த விசாவில் இருக்கிறா என்று பாருங்கோ. லிங்க் (LINC) என்பது புதிதாகக் குடியேறியவர்களுக்கான இலவச ஆங்கில வகுப்பு. அதுக்கு மத்திய அரசுதான் காசு கொடுக்குது; பிஆர் (நிரந்தர வதிவுரிமை) உள்ளவர்களையும் அகதியாக ஏற்கப்பட்டவர்களையும்தான் எடுப்பார்கள். பிள்ளைகளிடம் நீண்ட காலம் தங்கிப்போகப் பெற்றோருக்குக் கொடுக்கும் சூப்பர் விசாவில் வந்தவர்களுக்கு இடமில்லை, சிட்டிசன் எடுத்தவர்களுக்கும் இல்லை. சிட்டிசன் என்றால் பள்ளிச் சபைகள் நடத்தும் ஈஎஸ்எல் (ESL, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கும்) வகுப்பு இருக்கு. லிங்க் நூலகத்தின் எல்லாக் கிளையிலும் நடக்காது; முதலில் மதிப்பீட்டு மையத்தில் எந்த நிலை என்று சோதிப்பார்கள். நூலகத்தில் சிலர் கூடி இருந்து ஆங்கிலத்தில் கதைத்துப் பழகும் உரையாடல் வட்டத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, இலவசம்.

நூலகத்தில் எழுத்தறிவுப் பயிற்சியும் உண்டு. அது ஆங்கிலம் கதைப்பார்கள், வாசிக்கத்தான் கஷ்டம் என்பவர்களுக்கு. புதிதாக வந்தவரை அதில் விட்டுப் பயனில்லை.

நூலக அட்டைக்குப் போகும்போது பிஆர் கார்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அதில் முகவரி கிடையாது. வங்கிக் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ சேர்த்துக் கொண்டுபோங்கோ.

*

மேலே அண்ணா சொன்னதோடு நானும் ஒன்று சொல்லுறன். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் நடக்கும் உரையாடல் வட்டங்களில் பெரிய வில்லங்கம், நாலு தமிழர் ஒரே மேசையில் இருந்துவிடுவது. பத்து நிமிசத்தில் கதை தமிழுக்குப் போய்விடும். மொழி கலந்து, நாலு பேராகப் பிரித்து இருத்த வேண்டும். நடத்துபவர் இலக்கணம் எடுக்கத் தொடங்கினால் அது வட்டமில்லை, விரிவுரை.

நன்றாக வேலை செய்வது தொலைபேசிப் பயிற்சி. இரண்டு கதிரையை முதுகோடு முதுகாகப் போடுங்கோ, முகம் தெரியக்கூடாது. ஒருவர் கிளினிக், மற்றவர் அப்பொயின்ட்மென்ட் எடுப்பவர். பெயர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு. ஸ்காபரோவின் மல்வேர்ண் பக்கக் குறியீடு M1B; அதன் மூன்றாவது எழுத்தான B-யைப் ‘பாப்’ என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் மறுமுனையில் ‘பீட்டர்’ எழுத்தான P-யாகக் கேட்கும். M1P என்ற அந்தக் குறியீடும் ஸ்காபரோவில் இருக்கிறதால் ஒருவரும் திருத்தமாட்டார்கள். கடிதம் வேறு பக்கம் போகும். எம், என் இரண்டுக்கும் ‘மேரி’, ‘நான்சி’. எங்கள் நீளமான பெயர்களுக்கு இது கட்டாயம் வேணும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குத் தானே போன் எடுக்கத் துணிவு வருவது இங்கேதான்.

*

குடியுரிமைக்காக அம்மாவை அவசரப்படுத்தத் தேவையில்லை. 20 கேள்வியில் 15 சரியாக வரவேண்டும் என்ற சோதனையும் மொழிச் சான்றும் 18 முதல் 54 வயது வரைக்கும்தான். அந்த வயதுக்குள் என்றால் லிங்க் நாலாம் நிலைச் சான்றிதழை மொழிச் சான்றாக ஏற்பார்கள், பத்திரமாக வையுங்கோ. படிவங்களுக்கு, சில கிளைகளில் குடியேறியவர்களுக்கு உதவும் பணியாளர் இருப்பார். எந்தக் கிளையில் எந்த நாள் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கோ.