பழைய தோல்பாவைகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து ஆடிய ஒரு குடும்பத்திடம் தாத்தா காலத்து இராமாயணப் பாவைகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் ஆட்டுத்தோல். அனுமன் வால் சுருண்டு விறைத்துவிட்டது. சீதையின் சேலையில் உளியால் போட்ட பூத்துளை எது, பூச்சி அரித்த ஓட்டை எது என்றே தெரியவில்லை. நடுக்குச்சி உளுத்து மாவு கொட்டுகிறது.

எண்ணெய் தடவச் சொன்னார்கள். சாயம் கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டேன். இப்போதைக்கு வெயில் படாமல், அமிலமில்லாத தாளுக்கு நடுவே தட்டையாக வைத்திருக்கிறோம்.

சுருண்ட தோலை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதென்றால் யாரைப் பார்க்க வேண்டும்? வெறும் ‘தோல்பாவை’ என்று எழுதி மாட்டிவிடாமல், ஆட்டியவர் பெயரையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். குடும்பத்தார் கேட்பது அது ஒன்றுதான்.