புதுப்பிப்பு: தங்கையின் ஈ.எஸ்.ஆர். 78, சி.ஆர்.பி. நார்மல் – வேலூர் டாக்டர் சொன்னது

லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) இருக்கும் தங்கைக்கு மூட்டு வலி கூடியதும் குடியாத்தத்தில் ரத்தம் எடுத்தோம். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) ஏறியிருக்கிறது, சி.ஆர்.பி. ஏறவில்லை, எதை நம்புவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்டவர்களுக்கு நன்றி. வேலூரில் காட்டிவிட்டு வந்தோம்.

இரண்டுமே சரிதான் என்றார் டாக்டர். சி.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் புரதம். தொற்று வந்தால் சில மணி நேரத்தில் ஏறும். ஆனால் லூபஸ் கிளம்பும்போது பலருக்கு அது பெரிதாக அசைவதில்லை. அதனால் லூபஸ் உள்ளவருக்கு சி.ஆர்.பி. தடாலென்று ஏறினால், எங்காவது தொற்று இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்களாம். ஈ.எஸ்.ஆர். கதை வேறு. ரத்தத்தில் ஃபைப்ரினோஜன், இம்யூனோகுளோபுலின் என்ற புரதங்கள் கூடினாலும் ஏறும், ரத்தசோகை இருந்தாலும் ஏறும். இவளுக்கு ஹீமோகுளோபின் 9, கேட்கவே வேண்டாம்.

அவர் ரிப்போர்ட்டில் பேனாவால் வட்டம் போட்டது சி3, சி4 என்ற இரண்டு வரிகளை. இவை எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த ரத்தப் புரதங்கள். நோய் கிளம்பும்போது இந்தப் புரதங்கள் செலவாகிக் குறையும். இவளுக்கு இரண்டும் குறைவு. சொந்த டி.என்.ஏ.வையே குறிவைக்கும் டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடியோ அதிகம். இப்படிச் சேர்ந்து வந்தால் சிறுநீரகத்தைப் பார்த்தாக வேண்டுமாம். யூரினில் புரதம் ஒரு ப்ளஸ், அதாவது கொஞ்சம் கசிகிறது.

லூபஸ் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் ஏ.என்.ஏ. டெஸ்ட்டை மறுபடி எடுக்கலாமா என்று அம்மா கேட்டார். "வேண்டாம்மா, அது நோயைக் கண்டுபிடிக்கத்தான். ஏறுதா இறங்குதான்னு காட்டாது" என்றார் டாக்டர். காசு மிச்சம்.

லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை தொடர்கிறது. யூரினில் எவ்வளவு புரதம் போகிறது என்று காட்டும் புரதம்–கிரியாட்டினின் விகிதம் திங்கட்கிழமை வரும். சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.